நான்கு நிமிடத்துக்கு அறுபது கிலோமீட்டர்

அடுத்த மாதம் நானும் மகளும் விமானம் ஏறுகிறோம். விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுகள் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கின்றன. போவதற்கு முன், என் மனைவி தனியாகப் போன அந்த ஒரு நாளை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நானே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால், அந்தப் பாதையை அன்று நான் மனதுக்குள் கண்ட விதம் அழிந்துபோகும். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

நாங்கள் இருப்பது செவ்வாப்பேட்டையில். கீழே நாங்கள், மாடியில் அண்ணனும் அண்ணியும். எங்கள் அப்பா அம்மா பெரியபாளையம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்தவர்கள். அண்ணனும் நானும் கம்பெனி ஆட்களானோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் சி.என்.சி. மிஷின் ஓட்டுகிறேன். இரும்புத் துண்டை உள்ளே மாட்டி, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினால் அது தானே சுழன்று, தானே சீவி, சொன்ன அளவுக்கு உருட்டிக் கொடுத்துவிடும். அப்படி ஒரு துண்டு முடிவதை நாங்கள் ஒரு ஜாப் என்போம். என் மிஷினில் ஒரு ஜாப்புக்கு நான்கு நிமிடம்.

மனைவி நர்ஸ். ஆவடிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தாள். ஆங்கிலப் பரீட்சையை மூன்றாவது முறை எழுதித் தேறியதும் அயர்லாந்தில் வேலை கிடைத்தது. டப்ளின் நகரத்தில் ஒரு மருத்துவமனை. இந்தச் செய்தியைத் தொழிற்சாலையில் முதலில் சொன்னது என் பக்கத்து மிஷின்காரரிடம்தான். பெரியபாளையம் பக்கத்து ஆரணி ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"டப்ளினா? பேர்லயே டப்பு கீதே, நைனா!" என்று காசு எண்ணுவதுபோல விரலைத் தேய்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம்மாந் தூரம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய்த்தான் கைபேசியில் தேடினேன். சென்னையிலிருந்து டப்ளினுக்கு ஆகாய வழியில் எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேராகப் பறக்கும் விமானம் கிடையாது. தோஹாவில் இறங்கி மாற வேண்டும். முதல் பறத்தல் நாலே முக்கால் மணி நேரம், மூன்று மணி நேரம் காத்திருப்பு, இரண்டாவது பறத்தல் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைத் தாளில் எழுதி மகளிடம் காட்டினேன். அவள் அப்போது ஒன்றாம் வகுப்பில்கூடச் சேர்ந்திருக்கவில்லை.

"எட்டாயிரம்னா நூற விட பெருசா?"

"ரொம்பப் பெருசு."

"அவ்ளோ உயரமா போவாங்க அம்மா?"

தூரம் என்பது மேலே போவதல்ல, பக்கவாட்டில் போவது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. விமானம் மேலேதானே போகிறது. அன்றிலிருந்து அவள் அம்மாவின் ஊரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கண்ணை மேலே தூக்கித்தான் பேசுவாள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம், காலை ஒன்பதரை மணி விமானம். விடியும் முன்பே வாடகைக் காரில் கிளம்பினோம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அவளை எழுப்பவில்லை. நெற்றியில் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "அக்கா, சாயங்காலம் பால் ஆத்திக் குடுங்க, சூடா குடிக்க மாட்டா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

விமான நிலைய வாசலில் எனக்குத்தான் கண் கலங்கியது. அவள் பெட்டித் தள்ளுவண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"ஏங்க, இன்னா இது? நீங்க இப்டி இருந்தா பாப்பா பேஜாரா பூடுவா. வேலைக்குப் போங்க. ஊட்ல உக்காந்துகினு இருக்காதீங்க."

"லீவு போட்டுடலாம்னு..."

"வேணாம். போங்க. கை வேலையில இருந்தா மனசு சும்மா இருக்கும்."

அரை நாள் அனுமதிதான் வாங்கியிருந்தேன். அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய்க் கூட்டத்தில் கலந்த பிறகும், அதே உயரத்தில், அதே நீலச் சுடிதாரில் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அவளைப் போலவே தெரிந்தார்கள். அதன் பிறகு யாருமே தெரியவில்லை.

எதிரே திரிசூலம் ஸ்டேஷன். ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரல் பக்கம் போய்க் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தேன். கூட்டம் எதிர்த்திசையில் இருந்தது. என் பெட்டியில் மீன் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் பெண்கள் நாலைந்து பேர், என்னைப் போலத் தாமதமாக வேலைக்குப் போகும் இரண்டு பேர். வண்டி எண்ணூர் கழிமுகத்தைக் கடந்தபோது நீர் மேல் வெயில் வெள்ளையாக விழுந்திருந்தது. வாசற்படியில் நின்றுகொண்டேன். பொன்னேரிக்குக் கொஞ்சம் முன்னால், மணி ஒன்பது முப்பத்தைந்து இருக்கும், தலைக்கு மேலே ஒரு விமானம் ஏறிக்கொண்டு போனது. வயிற்றுப் பக்கம் வெயில் பட்டுப் பளபளத்தது. அதுதான் என்று நினைத்தேன். கையைத் தூக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா என்னைப் பார்த்து, தானும் எட்டிப் பார்த்து, "யாரு, உங்க ஊட்டாளுங்களா?" என்று கேட்டார்.

"என் பொண்டாட்டி."

அவரும் விமானத்துக்குக் கையசைத்தார். வளைகுடாவுக்குப் போகும் விமானம் மேற்கே போகும், பொன்னேரிப் பக்கம் வராது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. யாரோ முன்பின் தெரியாதவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் வழியனுப்பு சொல்லியிருக்கிறோம்.

தொழிற்சாலைக்குள் போகும்போது மணி பத்தேகால். கைபேசியை வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் மாலைத் தேநீர் நேரத்திலும் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். வழக்கமாக அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அன்று லாக்கர் கதவைச் சாத்தியபோது, அவளை அதற்குள் வைத்துச் சாத்துவது போல இருந்தது.

ஆரணிக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார். "ஏத்தி உட்டுட்டியா?"

"ஆச்சுண்ணே."

"நாஷ்டா துன்னியா?"

"இல்ல."

தன் பையிலிருந்து இரண்டு இட்லி எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே தின்றுவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்தேன். முதல் துண்டை மாட்டிக் கதவைச் சாத்தினேன். உள்ளே பால் நிறத்தில் எண்ணெய்த் தண்ணீர் பீய்ச்சியடித்தது, கண்ணாடி முழுவதும் மங்கலாயிற்று. அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் போகும் என்று படித்திருந்தேன். அப்படியானால் நிமிடத்துக்குப் பதினைந்து. நான்கு நிமிடத்துக்கு அறுபது.

அறுபது கிலோமீட்டர் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த தூரம். கம்பெனி பஸ் வளைந்து வளைந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதில், என் வீட்டிலிருந்து இந்த மிஷின் வரை ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒரு தூக்கம் தூங்கி எழுந்து வருகிற தூரம். நான் ஒரு ஜாப் முடிப்பதற்குள் அவள் அதைத் தாண்டிவிடுகிறாள். கதவைத் திறந்து, முடிந்த துண்டைத் துடைத்துத் தட்டில் வைத்தேன். இன்னொரு செவ்வாப்பேட்டை, இன்னொரு கும்மிடிப்பூண்டி. அடுத்த துண்டு. இன்னும் ஒன்று.

அப்படி எண்ண ஆரம்பித்ததும் என் கை தானாக வேலை செய்தது. நான் அங்கே இல்லை. ஐந்தாவது ஜாப்பில் பெங்களூர் போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். பத்தாவதில் கடற்கரை. அதற்கப்புறம் கடல். கண்ணாடிக்குள் சிதறிக்கொண்டிருந்த வெள்ளைத் தண்ணீர் எனக்கு மேகமாயிற்று. அந்த மேகத்துக்கு மேலே ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருக்கிறாள், கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் கீழே பார்க்கிறாள் என்று எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. காதில் அவள் வழக்கமாகப் போடும் சின்னக் கம்மல். கால் வலிக்குமென்று செருப்பைக் கழற்றியிருப்பாள். கீழே கடல் நீலமாக இருக்குமா, வெயிலில் தகடு போலத் தெரியுமா? யாரைக் கேட்பது?

"இப்போ எங்க கீறாங்க?" என்று ஆரணிக்காரர் தன் மிஷினிலிருந்து கத்தினார்.

"கடலுக்கு மேலண்ணே!"

அவர் ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு மிஷினுக்கும் நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த தரையில் ஒரு கோடு போட்டார். இந்தப் பக்கம் ஒரு வட்டம், சென்னை. அந்தப் பக்கம், குப்பைத் தொட்டி ஓரம், ஒரு வட்டம், டப்ளின். நடுவில் ஒரு புள்ளி, தோஹா. "நீ சொல்லு, நான் வெக்கிறேன்" என்றார். நான் ஜாப் எண்ணிக்கை சொல்லச் சொல்ல அவர் கோட்டில் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள் போட்டார். இரும்புத் துண்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அடுக்கும் ஜார்கண்ட்காரரும் வண்டியை நிறுத்திப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு ஒப்பந்த வேலைக்கு வந்தவர். வண்டியை இப்போது அந்தக் கோட்டைச் சுற்றி ஓட்டினார், மேலே ஏற்றவில்லை.

பத்து ஜாப்புக்கு ஒரு தடவை துண்டை அளந்து பார்க்க வேண்டும். வெட்டும் கருவியின் முனை தேயத் தேய அளவு மாறும். நான் இருபத்தெட்டு வரை அளக்கவில்லை. சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் ஷிப்ட் என்ஜினியர் வந்தார். பொதட்டூர்பேட்டைப் பக்கத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அளந்தார். இன்னொன்று. இன்னொன்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணா, கடைசி ஆறும் சைஸ் ஏறிக்கீது. பாக்கலையா?"

இத்தனை வருடத்தில் வரிசையாக ஆறு துண்டு நான் தவறவிட்டதில்லை. ஆரணிக்காரர்தான் முன்னால் வந்தார்.

"சார், அவரு வீட்டம்மா இன்னிக்கு பிளேன்ல போய்க்கினு கீறாங்க. வெளிநாடு. மனுசன் இங்க நிக்கிறாரே தவுர, ஆளு இங்க இல்ல சார்."

என்ஜினியர் கீழே தரையைப் பார்த்தார். சாக்கட்டிக் கோடு, குறுக்குக் கோடுகள், வட்டங்கள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, தோஹாவுக்கு அப்பால் இருந்த நேர்க்கோட்டை விரலால் தொட்டார்.

"இது தப்புண்ணா. நேரா போவாது."

தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதன் மேல் இரண்டு இடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைத்தார். என் தோளில் கிடந்த துடைக்கும் பஞ்சு நூலிலிருந்து ஒரு நூலை உருவி, ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இழுத்துப் பிடித்தார். நூல் ஹெல்மெட்டின் முதுகில் வளைந்து உட்கார்ந்தது.

"பூமி உருண்டைல்ல? உருண்டையில கிட்ட வழி இதான். பேப்பர்ல போட்டா வளஞ்ச மாதிரி தெரியும். மேல ஏறி, ஈரான், துருக்கி எல்லாம் தாண்டி, அப்புறம் எறங்கும்."

நாங்கள் மூன்று பேரும் அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். மகள் சொன்னதில் பாதி உண்மைதானோ என்று தோன்றியது. அவள் அம்மா மேலே ஏறித்தான் போகிறாள்.

"அளவு பெருசாத்தான கீது. சின்னதா போயிருந்தா தூக்கிப் போடணும். இத மறுபடியும் மாட்டி ஒரு ஓட்டு ஓட்டிடுங்க. முனைய மாத்திடுங்க. இனிமே அளந்துட்டு அப்புறம் கடல் தாண்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனார். புள்ளிகளை அழிக்கவில்லை. அன்று முழுவதும் தலையில் தோஹாவும் டப்ளினும் தெரிய அவர் ஷெட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் லாக்கருக்கு ஓடினேன். கைபேசியில், விமானம் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம், கடல் முடிந்து ஓமன் கரை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். அது கிளம்பி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நான் எண்ண ஆரம்பித்தேன், அதனால் எங்கள் சாக்கட்டிக் கோட்டை விட அது முன்னால் போயிருந்தது. அந்த விமானத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மஞ்சள் படம்தான்.

கான்டீனில் ஜார்கண்ட்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் எங்களோடு அதிகம் பேசமாட்டார். மொழி ஒரு தடங்கல்.

"அண்ணா, அக்கா எப்போ சேர்றாங்க?"

"நம்ம டைம்ல ராத்திரி ஒரு மணி."

விரல் விட்டு எண்ணினார். "பதினஞ்சு, பதினாறு மணி நேரம்."

"ஆமா."

"நம்ம ஊரு ரெண்டு நாள், அண்ணா. ரயில் ஒண்ணரை நாள். அப்புறம் பஸ். அப்புறம் ஜீப். அப்புறம் நடக்கணும், ஆறு இருக்கு." சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "அக்கா நம்மள விட கிட்ட இருக்காங்க."

நான் அவரோடு ஒரே கூரைக்கடியில் நாலு வருடமாக வேலை செய்கிறேன். அவர் ஊருக்கு ஆறு கடந்து நடக்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "தண்ணி நெறைய வருமா?" என்று கேட்டேன். "மழையில கழுத்து வரைக்கும்" என்று தன் கழுத்தில் கை வைத்துக் காட்டினார். மழைக் காலத்தில் அவர் ஊருக்கே போவதில்லையாம். நான் மனதில் ஒரே சமயத்தில் இரண்டு பாதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மேகத்துக்கு மேலே, ஒன்று கழுத்தளவு தண்ணீரில்.

மாலைத் தேநீர் நேரத்தில் அவள் அனுப்பிய குரல் செய்தி வந்திருந்தது. லாக்கர் அறை மூலையில் நின்று காதில் வைத்துக் கேட்டேன்.

"ஏங்க, எறங்கிட்டேன். தோஹா. நல்லா வந்து சேந்தேன். சாப்டீங்களா? பாப்பா அழாம ஸ்கூலுக்குப் போனாளான்னு அக்காகிட்ட கேளுங்க. ஜன்னல் சீட்டு கெடைக்கலீங்க. நடு வரிசை, நாலு சீட்டுல ரெண்டாவது. வானத்தையே பாக்கல. பக்கத்துல ஒரு பொண்ணு, கைக்கொழந்தைய வச்சிகினு தனியா வந்தா. அதுக்குக் காது அடச்சிகினு ஒரே அழுக. நான்தான் தோள்ல போட்டுக்கினு அந்த சந்துல முன்னயும் பின்னயும் நடந்துகினே இருந்தேன். பாதி தூரம் நான் நடந்தேதாங்க வந்தேன்."

கடைசி வாக்கியத்தில் அவள் சிரிப்பது கேட்டது. பின்னால் ஏதோ ஒரு பெண் குரல் புரியாத மொழியில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தது. ஜன்னலோரக் கன்னம், கீழே நீலக் கடல் என்று நான் கண்டதெல்லாம் பொய். முதலில் ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டேன். யாருடைய குழந்தையோ தோளில், செருப்பில்லாத கால், கடலுக்கு மேலே அவள் நடந்துகொண்டிருக்கிறாள். நான் கண்டதைவிட இது அதிகமாக அவளாகவே இருந்தது. மூன்றாம் முறையும் கேட்டேன்.

ஐந்தே கால் மணிக்கு எங்கள் பஸ் கிளம்பியது. நம் கடிகாரப்படி அதே ஐந்தே காலுக்குத் தோஹாவில் அவளுடைய இரண்டாவது விமானம். கவரைப்பேட்டை, புதுவாயல். ஆரணியில் பக்கத்து மிஷின்காரர் இறங்கினார். இறங்கும்போது, "போய் சேந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு, எந்நேரமானாலும்" என்றார். பெரியபாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கோடைப் பருவத்துச் சொர்ணவாரி நெல் பச்சையாக நின்றது. கொக்குகள் கூட்டமாக எழுந்து கொஞ்ச தூரம் பறந்து திரும்ப அதே வயலில் உட்கார்ந்தன. பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நான் வலப்பக்க ஜன்னலில் இருந்தேன். சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. அவள் மேற்கே போகிறாள். சூரியனும் மேற்கே போகிறது. அவள் அதைத் துரத்திக்கொண்டு போகிறாள். வெங்கல் தாண்டும்போது எங்களுக்கு இருட்டிவிட்டது. அவளுக்கு இன்னும் மத்தியான வெயில்தான். தாமரைப்பாக்கத்தில் டியூப் லைட்டுகள் எரிந்தன, பூச்சிகள் மொய்த்தன. அவளுக்கு வெயில். நான் செவ்வாப்பேட்டையில் இறங்கி, இஸ்திரிக் கடையையும் முட்டைக் கடையையும் கடந்து வீட்டுக்கு நடந்தேன். அவளுக்கு அப்போதும் வெயில். அந்த ஊரில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குத்தான் பொழுது சாயும் என்று அவளே ஒருமுறை படித்துச் சொல்லியிருந்தாள். விடியும் முன் வீட்டைவிட்டுக் கிளம்பியவள், மறுபடி இருட்டையே பார்க்காமல் போய் இறங்கப்போகிறாள். அவளுடைய ஒரு பகல் என்னுடையதைவிட அவ்வளவு நீளம். அந்த நீளத்தில் நான் இல்லாத மணிகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்ததில் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வரவேண்டியிருந்தது.

மகள் வாசலிலேயே இருந்தாள். அழவில்லை என்று அண்ணி சொன்னார். "ஸ்கூல்ல இருந்து வந்ததும் மாடிக்குப் போய் மேல பாத்துகினே இருந்தாப்பா. நான்தான் கண்ணு வலிக்கும் வாடின்னு இட்டாந்தேன்."

சாப்பிட்டுப் படுத்ததும் கைபேசியில் மஞ்சள் விமானத்தைக் காட்டினேன். கருங்கடல் என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதுலதான் அம்மா கீறாங்களா?"

"ஆமா."

"ஏன் நவுரவே இல்ல?"

"நவுருது. ரொம்ப வேகமா நவுருது. நமக்குத் தெரியல."

அவள் விரலை விமானத்தின் பின்னால் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். வரைபடம்தான் நகர்ந்தது, விமானம் திரையை விட்டே போய்விட்டது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் பிறகு தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள். இறங்கும் வரை விழித்திருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவோடே நானும் தூங்கிப்போனேன். காலை முழுவதும் ஓர் ஆளைக் கடல் தாண்டிக் கூடவே கொண்டுபோய்விட்டு, தரையைத் தொட்ட நேரத்தில் நான் அங்கே இல்லை.

காலையில் பார்த்தால் ஒரு படம். ஒரு ஜன்னல், அதற்கு வெளியே வெளுத்த வானம், ஓட்டுக் கூரைகள். கீழே எழுதியிருந்தாள்: "வந்துட்டேன். இங்க ராத்திரி ஒம்போதரை. வெளிச்சத்தப் பாருங்க."

ஆரணிக்காரருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அவர் எனக்கு முன்பே எழுந்து காத்திருந்திருக்கிறார்.

எட்டு மாதம் போனது. அவளுடைய காலை எனக்கு மதியம், என் இரவு அவளுக்கு மாலை என்று பழகிக்கொண்டோம். பிப்ரவரியில் முதல் விடுப்பில் மூன்று வாரத்துக்கு வந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் விமான நிலையம் போனோம்.

வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருந்தாள்: முன் பல் இரண்டு விழுந்தது, வகுப்பில் தன்னைத் தலைவியாகப் போட்டது, மாடித் தண்ணீர்த் தொட்டியில் தவளை இருந்தது. கூட்டத்திலிருந்து மனைவி பெட்டியோடு வெளியே வந்ததும் மகள் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மனைவி கொஞ்சம் வெளுத்திருந்தாள், முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். தடிமனான ஒரு கம்பளிச் சட்டை. குனிந்து கை நீட்டினாள். மகள் வரவில்லை. மனைவி வற்புறுத்தவில்லை. கையை இழுத்துக்கொண்டு, "சரி, சரி. பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். மகள் இல்லையென்று தலையாட்டினாள். காரில் வீடு வரும்வரை என்மேல் சாய்ந்து, அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வரிசையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்து, அண்ணி வைத்த மீன் குழம்பில் இரண்டு கவளம் சாப்பிட்டதும் மனைவிக்குக் கண் சொருகியது. "ரெண்டு நிமிசம்ங்க" என்று தரையில் பாயில் படுத்தவள் கல் போலத் தூங்கிவிட்டாள். மதியம் இரண்டு மணி. மகள் கொஞ்ச தூரத்தில் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தாள். கம்பளிச் சட்டையின் கையை மோந்து பார்த்தாள். அம்மாவின் புறங்கையில் புதிதாக ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அதை விரலால் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுப்பு சுட்டிருக்கும்" என்று நான் கிசுகிசுத்தேன். ஸ்டேஷன் பக்கம் வண்டிகள் வந்து வந்து போயின. நானும் சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வெளியே வெளிச்சம் சாம்பல் நிறமாக, குளிர்ச்சியாக இருந்தது. காகங்கள் கத்தின. மனைவி சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கண் முழுதாகத் திறக்கவில்லை.

"ஐயோ, விடிஞ்சிடுச்சா? இன்னாடி தலையை விரிச்சிப் போட்டுக்கினு உக்காந்துகினு கீற. ஸ்கூலுக்கு நேரமாவல? சீப்ப எடு. வா, இப்டி வா."

நான் வாயைத் திறந்தேன். மகள் என் பக்கம் திரும்பி, சொல்லாதே என்பதுபோல வேகமாகத் தலையாட்டினாள். எழுந்து ஓடிப்போய்ச் சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் இரண்டு சிவப்பு ரிப்பனையும் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மனைவி பாதிக் கண்ணில் வகிடு எடுத்தாள். எண்ணெய் வைத்து, சிக்கு எடுத்து, வாயில் ரிப்பனைக் கடித்தபடி பின்ன ஆரம்பித்தாள். மகள் கொஞ்சமும் அசையவில்லை. "பல்லு ரெண்டு விழுந்துடிச்சிம்மா" என்றாள் மெதுவாக. "ம்ம். காட்டு." திரும்பிக் காட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

அண்ணி துணி எடுக்க மாடியிலிருந்து இறங்கி வந்தவர் வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னா இது, வெளக்கு வெக்கிற நேரத்துல தலை வாரிக்கினு..."

"சும்மா இருங்க பெரிம்மா" என்றாள் மகள், தலையைத் திருப்பாமலே. "எனக்கு ஸ்கூலுக்கு நேரமாவுது."